கனவுக்குச் சூடம் கேக்க மாட்டாங்க

ஐயோ, கால்ல எல்லாம் விழாதீங்கம்மா. எந்திரிங்க, எந்திரிங்க. புல்லு ஈரமா இருக்கு, சேலை அழுக்காயிரும். நானும் உங்கள மாதிரி ஒரு ஆளுதான், இந்த மண்ணு கம்பெனில புல்லு நடுறவ. பேரு புனிதா. ஆன்டின்னு கூப்புடுங்க, போதும். அம்மா, தாயின்னு எல்லாம் வேணாம்லா. கேக்கறப்பவே உடம்பு கூசுது.

இந்தப் பலகைல உக்காருங்க. பால அங்கிட்டு நெழல்ல வைங்க, வெயில்ல திரிஞ்சிரும். முட்டையையும் வைங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. கிள்ளான்ல இருந்து நாகையா அண்ணே வேன்ல ஆளுங்கள ஏத்திக்கிட்டு வருவாரு, அவரு வந்துதான் பூசை. அதுக்குள்ள யாரும் ஊத்தக் கூடாது. ஆமா, புதுச் சட்டம்தான். யாரு வச்சதா? நாந்தான், இப்ப நீங்க வந்தப்புறம் வச்சேன்.

பசியாறிட்டீங்களா? ப்ரிக்பீல்ட்ஸ்ல இருந்து இவ்வளவு தூரம் கிராப் டாக்சி புடிச்சா வந்தீங்க, அதுவும் பாப்பாவத் தூக்கிக்கிட்டு? டெங்கில் வரைக்கும் வந்துருவாங்க, இந்த லோரி ரோட்டுக்குள்ள வரமாட்டேன்னு எறக்கி விட்டுருப்பானே. ம், அப்படித்தான் செய்வாங்க. உங்க பேரு? கார்த்திகா. நல்ல பேரு. பாப்பா தோள்லயே தூங்கிருச்சு பாருங்க.

நாலு வயசாவப் போவுதா. இன்னும் அம்மான்னு கூட வரலையா. காது நல்லாத்தான் கேக்குதாமா? பேச்சு டீச்சர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்கல்ல? அத விட்டுறாதீங்க, சரியா. இங்க வந்துட்டோம்ல, சாமி பாத்துக்கும்னு அத மட்டும் நிறுத்திறாதீங்க. ஜோசியரு நாக தோசம்னாரா. நான் அவரத் தப்பு சொல்ல வரல. புத்துக்குப் பால் ஊத்துன்னு சொன்னாரு, நீங்க போன்ல வீடியோ பாத்தீங்க, கெளம்பி வந்துட்டீங்க. பெத்தவ வேற என்ன செய்வா.

கையா? ஒண்ணும் இல்லம்மா. புல்லு வேலைக்கு கிளவுஸ் போடுவோம். இன்னொண்ணு கிழிஞ்சு போச்சு, அதான் ஒரு கைக்கு மட்டும். பாப்பா நாக்குல திருநீறா? நானா? இந்தக் கையாலயா? இருங்க, இருங்க. பாப்பா எந்திரிக்கட்டும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு பேசணும், கொஞ்சம் கேளுங்க.

நீங்க வர்ற வழில பெரிய குட்டை ஒண்ணு பாத்திருப்பீங்களே, சுத்தி பச்சையா. அது குட்டை இல்ல, மண்ணு தோண்டின குழி. எங்க அப்பா காலத்துல ஈய லம்பம், சுரங்கம், ஈயம் எடுத்துட்டுப் போட்டுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் இந்தக் கம்பெனி வந்து மிச்சம் இருந்த மண்ண அள்ளிச்சு. நம்ம ஊரு மாடி வீடு பாதி இந்த மண்ணுதான். அள்ளி முடிச்சா அப்படியே போட்டுட்டுப் போவக் கூடாது, நெலத்த திரும்ப உயிரோட குடுக்கணும்னு கவர்மென்ட் சட்டம். அதுக்குத்தான் எங்கள மாதிரி ஆளுங்க. நல்ல மண்ணு கொண்டாந்து பரப்பி, கரையச் சாய்ச்சு விட்டு, புல்லு ஒட்டுவோம். கௌ கிராஸ், சதுரம் சதுரமா லோரில வரும். குனிஞ்சு குனிஞ்சு ஒட்டி என் இடுப்பே போச்சு. ஆனா பெருமையா இருக்கும்மா. வெறும் சுடுகாடா கெடந்த இடம் இது. இப்ப பக்கத்துத் தோட்டத்து மாடெல்லாம் வந்து மேயுது. குட்டைல மெமெராங் இருக்கு, நீர்நாய். குடும்பமா வந்து மீனைப் புடிச்சுத் தின்னுட்டு என் சோத்துப் பையையும் நோண்டிட்டுப் போவும்.

அதான், இவ்வளவு பச்சைல இந்த ஒரு கரை மட்டும் மொட்டையா நிக்குது பாத்தீங்களா? மொதல்ல எனக்கு அதைப் பாத்தாலே எரிச்சல். நல்ல வீட்டுல ஒரு ரூமு மட்டும் பெயின்ட் அடிக்காம விட்ட மாதிரி. எப்படா புல்லு ஒட்டலாம்னு இருந்தேன். அப்பத்தான் சுமையா வந்தாங்க. யுனிவர்சிட்டில படிச்சுக் குடுக்கறவங்க, நம்ம தமிழ் முஸ்லிம் பொண்ணு, என் மக வயசு இருக்கும். ஆன்டி, தயவு செஞ்சு இதுல புல்லு ஒட்டாதீங்கன்னாங்க. ஏன்மான்னேன். கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி இதே பலகைல உக்கார வச்சாங்க. சும்மா பாருங்கன்னாங்க.

நீங்களும் பாருங்களேன். அதோ, கம்பி மேல. பச்சை உடம்பு, தொண்டை மட்டும் நீலம், வாலுல ஒரு குச்சி நீட்டிக்கிட்டு. மலாய்க்காரங்க பெரெக் பெரெக்னு சொல்லுவாங்க. தமிழ்ல பஞ்சுருட்டானாம், சுமையாதான் சொன்னாங்க, நான் கேள்விப்பட்டதே இல்ல. வருசா வருசம் எங்கெங்கயோ இருந்து வந்து மண்ணுக்குள்ள வளை தோண்டி முட்டை போடும். மரத்துல கட்டாது. புல்லு இருந்தா தோண்ட முடியாது. மொட்டை மணலு வேணும். நான் மொட்டைன்னு திட்டின இடம் அதுக்கு வீடு. அன்னைக்கு எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, ஒரு மாதிரியாவும் இருந்துச்சு.

ஆமாம்மா. அந்த ஓட்டைங்கதான். கொஞ்சம் இருங்க, எந்திரிக்காதீங்க, நான் முழுசா சொல்லிடறேன்.

பழைய மேனேஜரு நல்ல மனுசன். சுமையா கேட்டதும் சரி, இந்தக் கரைய விட்டுரலாம்னாரு. வாய் வார்த்தைதான், பேப்பர்ல ஒண்ணும் இல்ல. கயிறு கட்டி போர்டு வச்சாங்க. ஆன்டி, நான் வர்றப்ப வர்றேன், நீங்கதான் பாத்துக்கணும்னாங்க. சரிம்மா, நான் இருக்கேன்லன்னேன். எனக்கு வேற என்ன பெரிய பொறுப்பு யாரு குடுத்திருக்காங்க சொல்லுங்க. காலைல வந்ததும் மொதல்ல கரையத்தான் பாப்பேன். என் மருமக கூட கிண்டல் பண்ணுவா, மாமிக்கு இப்ப ரெண்டு வீடுன்னு.

அந்த மேனேஜரு மாத்தலாகிப் போயிட்டாரு. புதுசா ஒரு சூப்பர்வைசர். வெளிய இருந்து ஆளுங்க பாக்க வர்றாங்க, எல்லாக் கரையும் சாய்ச்சுப் புல்லு போட்டிருக்கணும், பிளான்ல அப்படித்தான் இருக்குன்னாரு. நான் சொன்னேன், பாஸ், இதுல குருவி இருக்கு, முட்டை வச்சிருச்சுன்னு. குருவி பறந்து போயிரும் ஆன்டின்னாரு. முட்டை எங்கயா பறக்கும்? சுமையாவுக்குப் போன் அடிச்சேன், அடிச்சேன், போவல. உம்ராவுக்கு மெக்கா போயிருந்தாங்க. மறுநாள் காலைல எக்ஸ்கவேட்டர் வந்து நின்னுருச்சு.

அதுதான். அந்த வீடியோதான்.

நீங்க அத எத்தனை தடவை பாத்தீங்க? உங்க அம்மாவுக்கும் அனுப்புனீங்களா. ம். நான் ஒரு தடவைகூட பாக்கலம்மா. என் பேரன் காட்ட வந்தான், போனைத் தட்டி விட்டுட்டேன்.

வண்டி ஓட்டுறது ஜீவன், காஜாங் பையன். வருசா வருசம் பத்துமலைக்குக் காவடி எடுக்கிறவன். காலைல வண்டிக்குச் சூடம் காட்டாம சாவிய போட மாட்டான், முன்னாடி எலுமிச்சம்பழம் தொங்கும். நான் போயி வண்டி முன்னாடி நின்னேன். தம்பி, வேணாம்டான்னேன். ஆன்டி, என் வேலை போயிரும், தள்ளுங்கன்னான். அவன் மேல தப்பில்ல. அந்த இரும்புக் கை மேல எந்திரிக்குது. குருவிங்க எல்லாம் வெளிய வந்து கத்துது. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. அந்த எலுமிச்சம்பழத்தப் பாத்தேன்.

அவ்வளவுதான். முடிய அவுத்து விட்டுட்டேன்.

சின்னப் புள்ளைல இருந்து தோட்டத்துத் திருவிழால பாத்ததுதானே. எப்படி மூச்சு வாங்கணும், எப்படி ஆடணும், கண்ண எங்க வைக்கணும், எல்லாம் தெரியும். இது என் வீடு, உள்ள என் புள்ளைங்க தூங்குதுன்னு கத்தினேன். வண்டி நின்னுருச்சு. ஜீவன் குதிச்சு ஓடியாந்து மண்டி போட்டுட்டான். ஓட்டைங்களப் பாக்குறான், என்னப் பாக்குறான். நாகம்மாவான்னு கேட்டான். பாம்புன்னு நான் வாயால சொல்லலம்மா. தலைய மட்டும் ஆட்டினேன். அதையும் நான் பொய் இல்லன்னு ரொம்ப நாளு எனக்குள்ள சொல்லிக்கிட்டு இருந்தேன்.

என்ன அப்படிப் பாக்காதீங்க. பாக்கறதுன்னா பாருங்க. பாக்க வேண்டியதுதான்.

அப்புறம் கேளுங்க. கரை நின்னுருச்சு. அந்தக் கரைல வண்டி வாளிய வைக்க ஒரு டிரைவரும் வரமாட்டேன்னுட்டான், சூப்பர்வைசர் என்ன செய்வாரு. மஞ்சத்துணி கட்டினாங்க, குங்குமம் போட்டாங்க, யாரோ ஒரு கல்ல கொண்டாந்து நட்டாங்க. சுமையா மெக்காவுல இருந்து வந்து கரையப் பாத்தாங்க, என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவறாங்க. ஆன்டி, உங்க சாமி உங்களுக்குள்ள வந்து இதுங்களக் காப்பாத்திருச்சுன்னு. தலையில துணி போட்ட புள்ள, என் சாமியப் பத்தி அவ்வளவு மரியாதையா பேசுது. இப்ப அவங்க கவர்மென்டுக்கு எழுதிப் போட்டிருக்காங்க, இந்தக் கரைய பிளான்லயே சேக்கச் சொல்லி. பேப்பர் வர்ற வரைக்கும் இங்க சாமிதான் ஜாகா, காவலுக்கு. அதனால நான் வாயத் தொறக்கல.

ஆனா ஜாகாவப் பாக்க ஜனம் வருமேன்னு நான் யோசிக்கல பாருங்க. மொதல்ல ஜீவன் குடும்பம். அப்புறம் நாகையா அண்ணே வேன் போட்டுட்டாரு. குருவி உள்ள போறத எல்லாரும் கண்ணால பாக்கறாங்கம்மா, அம்மாவோட தூதுங்கறாங்க. படையலுக்கு முட்டை வச்சாங்களா, அந்த வாசத்துக்கு உடும்பு வந்துச்சு. அதையும் கும்புட்டாங்க. அது ராத்திரில குருவி வளையத் தோண்டிட்டுப் போயிருந்துச்சு, அதுக்கும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நான் என்ன சொல்லறது? சொன்னா மறுநாளே எக்ஸ்கவேட்டர் வரும்.

சித்ரா பௌர்ணமி அன்னைக்குத் தாங்க முடியாத கூட்டம். மேளம் எல்லாம் வச்சுட்டாங்க. மேல இருக்கிற ஓட்டை யாருக்கும் எட்டாது. கீழ சரிவுல இருக்கு பாருங்க, அதுங்க கைக்கு எட்டும், உள்ள சரிஞ்சு போவும். ஊத்தினா வெளிய வராது, தங்கிரும். அது எனக்குத் தெரியும். சுமையா சொல்லிக் குடுத்திருக்காங்க, ஒரு கை நீளம் போயி அங்கதான் குஞ்சு இருக்கும்னு. நான் போயி நாகையா அண்ணேகிட்ட சொன்னேன், அண்ணே, பால கல்லு மேல ஊத்துங்க, ஓட்டைல வேணாம், அம்மா அப்படித்தான் விரும்புறாங்கன்னு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? தாயி, நீங்களா சொல்லாதீங்க, அம்மாவே வந்து சொல்லட்டும்னாரு. மேளத்த அடிங்கடான்னுட்டாரு. தட்டுல சூடத்த ஏத்திட்டாரு.

நான் ஆடலம்மா. ஆட முடியல. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. அவரே ஒரு சொம்ப என் கையில குடுத்து, சரி, மொத சொம்பு நீங்க ஊத்துங்கன்னாரு.

ஊத்தினேன்.

ஆமா. தெரிஞ்சேதான் ஊத்தினேன். ஊத்தலன்னா அன்னைக்கே எல்லாம் வெளிய வந்துரும், கரையே போயிரும், மேல இருக்கிற எல்லாக் குஞ்சும் போயிரும்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். அப்படின்னு இப்ப சொல்றேன். உண்மையச் சொன்னா, அத்தனை பேரு முன்னாடி மானம் போயிருமேன்னுதான் ஊத்தினேன். எனக்குப் பின்னாடி வரிசையா எல்லாரும் ஊத்தினாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் கூட்டம் போனப்புறம் இங்கயே உக்காந்திருந்தேன். கீழ் வளை வாசல்ல ஒரு குருவி வந்துச்சு, வாயில தும்பி. உள்ள போவல. வாசல்லயே நின்னுச்சு. பறந்து போயி ஒரு சுத்து சுத்திட்டு, அதே தும்பியோட திரும்ப வந்து நின்னுச்சு. இருட்டுற வரைக்கும் அப்படியேதான்.

சுமையா வந்து ஒயரு நுனியில கேமரா வச்ச ஒண்ணை உள்ள விட்டுப் பாத்தாங்க. யாரு ஆன்டி ஊத்தினதுன்னு மட்டும் கேட்டாங்க. கிள்ளான் வேன்காரங்கன்னேன். பாவம், தெரியாம செஞ்சிருப்பாங்கன்னு சொல்லிட்டு ஒயர சுத்திக்கிட்டுப் போயிட்டாங்க. தெரியாம செஞ்சிருப்பாங்களாம். திட்டியிருந்தா தாங்கிக்கிட்டிருப்பேன்.

அழாதீங்கம்மா. நீங்க ஏன் அழுறீங்க? நீங்க இன்னும் ஒரு சொட்டு ஊத்தல. அதுக்குத்தான் உங்கள இவ்வளவு நேரம் உக்கார வச்சிருக்கேன். பாப்பா மேல சத்தியமா, உங்கள ஏமாத்த இல்ல. ஏமாந்ததா? ஆமா, ஏமாந்துட்டீங்க. அவ்வளவு தூரத்துல இருந்து புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தவங்கள ஏமாத்துனது நாந்தான். நாகம்மா எங்கயாவது இருப்பாங்க, நான் இல்லன்னு சொல்லல. இங்க இல்ல. இங்க குருவிதான்.

எப்படி நம்புறதா? சரிதான். இத்தனை சொன்னவ இதையும் பொய்யா சொல்லலாம்ல. இருங்க. இந்தக் கிளவுஸ கழட்டறேன். மெதுவாத்தான் வரும், ஒட்டிக்கிச்சு.

வீடியோல இது இருக்காது, கூட வேலை செய்யறவங்க கொஞ்சம் பிந்தித்தான் எடுக்க ஆரம்பிச்சாங்க. ஜீவன் மண்டி போட்டான்னு சொன்னேன்ல. உடனே நம்பிரலம்மா. அவனும் விவரம்தான். வண்டில இருந்து சூடத்த எடுத்தான், கொளுத்தினான். அம்மாவா இருந்தா கையில வாங்குங்கன்னான். உள்ளங்கையில வாங்கினேன். அது அணையற வரைக்கும் வச்சிருந்தேன், வாயத் தொறக்கல. அதப் பாத்துத்தான் அவன் அழுதான்.

அருள் வந்த கை சுடாதும்மா. நம்ம எல்லாருக்கும் தெரியும். இந்தாங்க, பாருங்க. நல்லாப் பாருங்க. இன்னும் தண்ணி வடியுது. கிளினிக்குக்குப் போனா கேப்பாங்கன்னு போவல. இந்தக் கையாலதான் உங்க பாப்பா நாக்குல திருநீறு வைக்கச் சொன்னீங்க.

இப்ப நான் கேக்கப் போறது இன்னும் கேவலம். காதுல வாங்கிட்டு என்னைக் காறித் துப்புனாலும் துப்புங்க. மேல் வளைல இன்னும் குஞ்சு இருக்கு. கீழயும் ரெண்டு ஜோடி திரும்ப முட்டை வச்சிருக்கு, அந்தத் துணிக்குப் பக்கத்துல. நாகையா அண்ணே இன்னைக்குக் கேன்ல பால் கொண்டாராரு. ஊத்தாதீங்கன்னு நான் சொன்னா சூடத்த ஏத்துவாரு, கைய நீட்டச் சொல்லுவாரு. இந்தக் கைய எப்படி நீட்டுவேன்? நீங்க புது ஆளு, புள்ளைக்காரி. நேத்து அம்மா கனவுல வந்தாங்க, வயிறு நெறைஞ்சு போச்சு, இனிமே ஓட்டைல ஊத்தாதீங்க, கல்லுல ஊத்திட்டு மிச்சத்தப் புள்ளைங்களுக்குக் குடுங்கன்னு சொன்னாங்கன்னு நீங்க சொல்லுங்க. அவ்வளவு போதும். ஆட வேணாம். கனவுக்கு யாரும் சூடம் கேக்க மாட்டாங்க.

தெரியுதும்மா. சாமிகிட்ட ஒரு வார்த்தை கேக்க வந்தவங்கள சாமி பேருல பொய் சொல்லச் சொல்றேன். பாப்பாவுக்கு ஆகாதுன்னு பயமா இருக்கா? எனக்கும்தான் பயமா இருக்கு. அந்தப் பாவத்த என் பக்கம் எழுதிக்கச் சொல்லுங்க, ஏற்கெனவே இருக்கு, இதையும் சேத்துக்கட்டும்.

சத்தம் கேக்குதா? வேன்தான். அந்த வளைவு திரும்பிருச்சு. பாப்பா முழிச்சிருச்சு பாருங்க, கம்பி மேல இருக்கறதத்தான் பாக்குது.

நான் உங்களக் கட்டாயப்படுத்தலம்மா. கிளவுஸ இங்கன, மடி மேலதான் வச்சிருக்கேன். அவங்க எறங்குனதும் நீங்க வாயத் தொறந்தீங்கன்னா எடுத்துப் போட்டுக்குவேன். தொறக்கலன்னா, இப்படியே எந்திரிச்சுப் போயி அவங்க முன்னாடி கைய விரிச்சிருவேன்.